டிஜே ஆகும் அளவுக்கு எனக்குக் காது இல்லையா?

செந்தூலிலிருந்து ஒரு தம்பி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் வேலையிடமும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன். விஷயம் இதுதான்.

அவருக்கு 23 வயது. கிடங்கு ஒன்றில் ஷிப்ட் வேலை. இடைநிலைப்பள்ளி நாளிலிருந்து உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறார். இப்போது டிஜே ஆசை வந்திருக்கிறது. சில மாதங்களாக வீட்டு லேப்டாப்பில், மூன்று எக்ஸ் போட்டு எழுதும் 'மிக்ஸ்' என்ற இலவச மென்பொருளில் பழகுகிறார். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு புளூடூத் ஸ்பீக்கரில் கேட்கும். அடுத்து வரப்போகும் பாட்டு ஒயர் இயர்ஃபோனில் கேட்கும். "சேர்க்கும்போது காதுக்குச் சரியாத்தான் இருக்கு அண்ணே. அதையே ரெக்கார்ட் பண்ணிக் கேட்டா குதிரை ஓடுற மாதிரி இருக்கு. எப்பப் பார்த்தாலும் ரெண்டாவது பாட்டுதான் லேட்டா விழுது. ரெண்டும் 125னு ஒரே நம்பர் காட்டினாலும் இதே கதைதான்" என்கிறார்.

பிளேட்டில், அதாவது இசைத்தட்டில், பழகாதவன் டிஜேயே இல்லை என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். தெரிந்த அண்ணன் ஒருவர் தன்னுடைய பழைய சிடிஜே-2000 நெக்சஸ் என்ற டிஜே பிளேயர் ஒரு ஜோடியையும் டிஜேஎம்-900 மிக்சரையும் 9,600 ரிங்கிட்டுக்குத் தருவதாகச் சொல்கிறார். தம்பியின் சேமிப்பு 4,200 ரிங்கிட்டை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, மீதியை மாதம் 450 வீதம் ஓராண்டு கட்ட வேண்டும். இன்னொரு பக்கம் இரண்டு மாத டிஜே வகுப்பு ஒன்று 3,800 ரிங்கிட் கேட்கிறது. சான்றிதழ் உண்டு, கிளப்பில் வாசிக்க வாய்ப்பும் தருவார்களாம். அம்மாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. டிசம்பரில் அத்தை மகள் கல்யாண விருந்து; வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: மேளப் பயிற்சி முடிந்து வந்தால் இரவெல்லாம் காதுக்குள் ஙொய்யென்று கேட்கிறதாம். "எனக்குக் காதே இல்லையோன்னு தோணுது. பெரிய செட் வாங்கினா சரியாகுமா, இல்ல விட்டுடலாமா?" என்று முடித்திருக்கிறார்.

தம்பி,

கல்யாண மண்டபங்களில் ஒலியமைப்பும் டிஜேயும் செய்து பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்களுக்குக் காது இல்லை என்பதற்கு இந்தக் கடிதத்தில் ஓர் ஆதாரமும் இல்லை. இருப்பதற்கு ஆதாரம் இருக்கிறது. "எப்பப் பார்த்தாலும் ரெண்டாவது பாட்டுதான் லேட்டா விழுது" என்று எழுதினீர்களே, அந்த வரிதான் அது.

காது பழகாதவர் செய்யும் தவறு ஒரு முறை முன்னே விழும், ஒரு முறை பின்னே விழும். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு தவறினால், அந்த மனிதர் சரியாகத்தான் சேர்க்கிறார், அவருக்குத் தவறான தகவல் வருகிறது என்று பொருள். தகவல் எங்கே கெடுகிறது என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

புளூடூத்தை அணையுங்கள்

புளூடூத்தில் போகும் ஒலி முதலில் சுருக்கப்பட்டு, காற்றில் அனுப்பப்பட்டு, ஸ்பீக்கருக்குள் மறுபடி விரிக்கப்பட்டுத்தான் வெளியே வருகிறது. பல ஸ்பீக்கர்களில் இதற்கு 100 முதல் 250 மில்லிவினாடி வரை ஆகிவிடும். படம் பார்க்கும்போதோ பாட்டுக் கேட்கும்போதோ இது யாருக்கும் தெரியாது. மிக்ஸிங்கில் இதுதான் எல்லாவற்றையும் கெடுக்கும். 125 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 125 அடி போகும் பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 480 மில்லிவினாடிதான் இருக்கிறது. உங்கள் ஸ்பீக்கர் 200 மில்லிவினாடி தாமதம் என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட அரை அடி போய்விட்டது.

நடப்பது இதுதான். முதல் பாட்டு ஸ்பீக்கரில் தாமதமாக வருகிறது. இயர்ஃபோனில் இரண்டாவது பாட்டு உடனே வருகிறது. நீங்கள் ஒழுங்காக, காது சொன்னபடி, இரண்டாவதை அந்தத் தாமதத்தோடு பொருத்துகிறீர்கள். லேப்டாப் உள்ளுக்குள்ளேயே பதிவு செய்வதால் அதில் ஸ்பீக்கரின் தாமதம் கிடையாது. நீங்கள் பின்னுக்கு இழுத்து வைத்த இரண்டாவது பாட்டு மட்டும் பின்தங்கியே நிற்கிறது. அதுதான் அந்தக் குதிரை.

சோதித்துப் பார்க்கக் காசு வேண்டாம். இன்றிரவே ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள். மென்பொருளில் ஹெட்ஃபோன் மிக்ஸ் என்று ஒரு திருகு இருக்கும். அதை நடுவில் வைத்தால் இரண்டு பாட்டும் ஒரே ஒயர் இயர்ஃபோனில் கேட்கும். இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று என்று பிரித்துக் கேட்கும் வசதியும் அந்த மென்பொருளில் உண்டு. முன்பு போலவே சேர்த்து, பதிவு செய்து கேளுங்கள். ஒரே பக்கம் தவறுவது நின்றுவிடும் என்பது என் கணிப்பு. ஃபிளாட்டில் பக்கத்து வீட்டாரின் தொல்லையும் இதனால் தீரும். பழகுவதற்கு ஸ்பீக்கர் தேவையே இல்லை.

கூடவே ஒன்று. ஒலி ஒரு மீட்டர் நகர ஏறக்குறைய 3 மில்லிவினாடி எடுத்துக்கொள்ளும். மண்டபத்தில் ஸ்பீக்கர் உங்களிடமிருந்து 10 மீட்டர் தள்ளி நின்றால் 30 மில்லிவினாடி பின்னால் கேட்கும். கிக் டிரம்மின் அடி இரட்டையாகக் கேட்க அதுவே போதும். அதனால்தான் டிஜே மேசைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் கேட்கிறோம். பந்தாவுக்கு இல்லை.

எண் ஒன்று, நடை வேறு

புளூடூத்தை அணைத்த பிறகும் சில ஜோடிகள் உதைக்கும். அதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன.

இரண்டு பாட்டுக்கும் 125 என்று காட்டினால் இரண்டும் ஒரே வேகம் என்றுதான் பொருள். ஒரே இடத்தில் விழுகின்றன என்று பொருளல்ல. உறுமிக் குழுவில் இரண்டு பேர் ஒரே காலத்தில் வாசித்தாலும் ஒருவர் சமத்தை, அதாவது தாளம் தொடங்கும் இடத்தை, தப்பி எடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓடுகிற பாட்டின் ஒன்றாம் அடியில் புதுப் பாட்டின் ஒன்றாம் அடி விழ வேண்டும். வெறும் அடி மட்டும் போதாது. ஹவுஸ் போன்ற நடன இசை பெரும்பாலும் எட்டு பார், அதாவது 32 அடிக்கு ஒரு முறை திரும்பும். அந்தத் திருப்பத்தில் எடுத்தால்தான் பாட்டு தானாக நுழைந்தது போலிருக்கும்.

அடுத்தது தமிழ்ப் பாட்டுக்கே உரிய சிக்கல். டிஜே பாடங்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள் எடுப்பவை. அவர்கள் பாட்டெல்லாம் நான்கு நான்காகப் போகும். நம் குத்துப்பாட்டில் பல, அடிக்கு மூன்றாகப் போகும் திஸ்ர நடை. அடி ஒன்றே, ஆனால் அடிக்குள்ளே ஒன்று "தகதிமி", இன்னொன்று "தகிட". வேகம் துல்லியமாகப் பொருந்தி, சமமும் பொருந்தியிருந்தாலும், அடிக்கு நடுவே நாலும் மூன்றும் முட்டிக்கொள்ளும். இதைக் கேட்டுவிட்டு நீங்கள் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஃபேடரை ஆட்டினால் இருப்பதும் கெட்டுவிடும். மென்பொருளும் இங்கே ஏமாறும்: திஸ்ரப் பாட்டின் வேகத்தை ஒன்றரை மடங்காகவோ மூன்றில் இரண்டாகவோ படித்துவிடும். 120இல் போகும் பாட்டுக்கு 180 அல்லது 80 என்று காட்டினால் திகைக்காதீர்கள். 15 வினாடிக்கு எத்தனை அடி என்று கையால் தட்டி எண்ணி நான்கால் பெருக்குங்கள். அந்த எண்ணை நம்புங்கள்.

நடை மாறும் இரண்டு பாட்டை நீளமாகக் கலக்கவே கூடாது. பல்லவி முடியும் இடத்தில் முதல் பாட்டை எக்கோவில் விட்டு, சமத்தில் இரண்டாவதைப் போடுங்கள். ஆடுகிற கூட்டம் அதைத்தான் கேட்கிறது. அரை நிமிடம் இழைத்து இழைத்துக் கலப்பதை அத்தைமார்கள் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

தாளத்தை இயந்திரமே சீராக ஓட்டும் சீக்வென்சர் வருவதற்கு முன்பு பதிவான பழைய பாடல்கள் இன்னொரு ரகம். ஆட்கள் உட்கார்ந்து வாசித்தவை. சரணத்தில் கொஞ்சம் ஏறும், இடையிசையில் இறங்கும். அடி விழும் இடங்களைக் காட்ட மென்பொருள் போடும் கோடுகள் பாட்டின் நடுவில் விலகிவிடும். இரண்டு பாட்டையும் தானாகவே பொருத்தும் சிங்க் பட்டனை நம்பியவர்கள் கவிழ்வது இங்கேதான். சிங்க் அழுத்துவது திருட்டு என்று உங்கள் நண்பர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அந்த அண்ணன் விற்கும் நெக்சஸ் மாடலிலேயே சிங்க் பட்டன் இருக்கிறது. பெரிய மேடைக்காரர்களும் அழுத்துகிறார்கள். ஆனால் தமிழ்ப் பாட்டு போடுகிறவனுக்கு அது பாதி நேரம் உதவாது. காதால் சேர்க்கப் பழகுவதற்கு அந்த ஒரு காரணமே போதும். கௌரவம் எல்லாம் அப்புறம்.

பழகும் விதம்

திரையில் பிபிஎம் காட்டும் இடத்தில் கறுப்பு டேப்பை ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் போகும் அலைக்கோட்டையும் மறையுங்கள். கண் வேலை செய்யும்வரை காது வேலை செய்யாது.

முதலில் இரண்டு டெக்கிலும், அதாவது பாட்டு ஓடும் இரண்டு பக்கத்திலும், ஒரே பாட்டைப் போடுங்கள். பாடல் வரி இல்லாத, சீராகக் கிக் அடிக்கும் ஏதாவது ஒன்று. ஒரு பக்கத்தின் பிட்ச் ஃபேடரைக் கண்ணை மூடிக்கொண்டு நகர்த்திவிட்டு, அதைத் திரும்பப் பொருத்திப் பாருங்கள். ஒரே பாட்டு என்பதால் முழுதாகப் பொருந்தும் கணத்தில் ஒலியே மாறும். விமானம் தலைக்கு மேல் போவது போல் ஊஷ் என்று ஓர் இழுவை வரும். அது வந்தால் பொருந்திவிட்டது. யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வேகம் கூடுதலா குறைவா என்று தெரியாமல் தவிப்பதுதான் இதில் பெரிய தொல்லை. 1 பிபிஎம் வித்தியாசம் என்றால் ஒரு நிமிடத்தில் ஒரு முழு அடி விலகும். 125க்கும் 126க்கும் நடுவே ஒவ்வோர் அடிக்கும் 4 மில்லிவினாடிக்குக் கொஞ்சம் குறைவாக விலகுகிறது. எட்டாவது அடியில் அது 30 மில்லிவினாடி. "டும்" என்று ஒன்றாக விழுந்தது "ட்டும்" என்று பிரியத் தொடங்கும். அந்த நேரம் புதுப் பாட்டைக் கொஞ்சம் முன்னே தள்ளுங்கள்; இப்போதைக்குத் திரையிலேயே, கருவி வந்த பிறகு அதன் வட்டமான ஜாக் சக்கரத்தின் ஓரத்தைத் தொட்டு. சரியாகிவிட்டதா? அப்படியென்றால் புதுப் பாட்டு மெதுவாகப் போகிறது. ஃபேடரில் கொஞ்சம் வேகம் கூட்டுங்கள். தள்ளியதும் இன்னும் மோசமானால் அது வேகமாகப் போகிறது, குறையுங்கள். ஒன்றும் புரியாவிட்டால் வேண்டுமென்றே நன்றாகத் தெரியும் அளவுக்கு வேகமாக்கிவிட்டு, மெல்ல மெல்லக் கீழே வாருங்கள். நடுவில் நின்று குழம்புவதைவிட ஒரு பக்கத்திலிருந்து வருவது சுலபம்.

கிக் இரண்டும் ஒன்றோடொன்று குழைந்து கேட்டால் ஹெட்ஃபோனில் வரும் பாட்டின் பேஸை முழுதாகக் குறைத்துவிட்டு ஹை-ஹேட்டை, கைதட்டலைக் கேளுங்கள். கூர்மையான ஒலியில் பிரிவு சட்டென்று தெரியும். குழுவில் உறுமி கனமாக முழங்கும்போது நீங்கள் காலத்தைப் பிடிப்பது ஜால்ராவை வைத்துத்தானே? இங்கும் அதுதான். மேள அனுபவத்துக்கும் டிஜேவுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதியிருந்தீர்கள். சமம் எது, நடை எது என்று ஏற்கெனவே தெரிந்த ஒருவர் பிட்ச் ஃபேடரை மட்டும் கற்றுக்கொண்டால் போதும். மற்றவர்கள் ஆறு மாதம் எண்ணிப் பழகுகிற இடத்தில் நீங்கள் ஏற்கெனவே நிற்கிறீர்கள்.

ஒரே பாட்டில் கை வந்த பிறகு வேகம் நெருக்கமான இரண்டு வேறு பாட்டுகளுக்குப் போங்கள். 120 பாட்டை 124க்கு ஏற்ற 3.3 சதவீதம்தான், கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கலக்கும்போது இரண்டு பாட்டின் பேஸும் ஒன்றாகத் திறந்திருக்கக் கூடாது. வருகிற பாட்டின் பேஸை மூடி வைத்து, திருப்பத்தில் ஒன்றை மூடி மற்றதைத் திறங்கள். தமிழ்ப் பாட்டுக்கு அதற்குப் பிறகு வரலாம்.

அந்த 9,600 ரிங்கிட் செட்

சிடிஜே நல்ல கருவி. இல்லை என்று சொல்ல மாட்டேன். கிளப்புகளில் அந்தக் குடும்பத்துக் கருவிகள்தான் இருக்கும், உழைக்கும், திரும்ப விற்றாலும் விலை போகும். ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கும் எந்தப் பிரச்சினையையும் அது தீர்க்காது. அதே புளூடூத் ஸ்பீக்கரை அதில் இணைத்திருந்தாலும் அதே குதிரைதான் ஓடியிருக்கும். தவிர, சேமிப்பு முழுதும் முன்பணத்தில் போய்விட்டால் ஹெட்ஃபோனுக்கும் கேபிளுக்கும் எங்கே போவீர்கள்? ஷிப்டில் ஓவர்டைம் குறைகிற மாதம் 450 கட்டுவது எப்படி?

வாங்கித்தான் ஆவேன் என்றால் சிலவற்றைக் கையால் தொட்டுப் பாருங்கள். பிட்ச் ஃபேடரை ஒரே இடத்தில் விட்டுவிட்டுத் திரையில் எண் ஆடுகிறதா என்று கவனியுங்கள். க்யூ, பிளே பட்டன்களை விரல் நுனியால் மெல்ல அழுத்துங்கள். அழுந்தியும் வேலை செய்யாவிட்டால் தேய்ந்துவிட்டது. யூஎஸ்பி குச்சியைச் செருகி லேசாக அசைத்தால் பாட்டு நிற்கிறதா? மிக்சரில் பேஸ், டிரெபிளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ திருகுகளைச் சுற்றும்போது கரகரக்கிறதா? பின்பக்கத் தகட்டையும் படியுங்கள். 100 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அது ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தது. நம் வீட்டுச் சாக்கெட்டில் நேராகச் செருகினால் அதோடு முடிந்தது.

சட்டத்தைப் பற்றி ஒன்று. கடையில் வாங்கிய பொருள் பழுதென்றால் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நாம் 'டிரிபியூனல்' என்று சொல்லும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு வக்கீல் இல்லாமலேயே போகலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். ஆனால் அந்தச் சட்டம் வியாபாரமாக விற்பவரைத்தான் பிடிக்கும். தன் சொந்தப் பொருளை உங்களுக்குத் தள்ளிவிடும் அண்ணனை அங்கே நிறுத்துவது கடினம். ஆகவே தவணை பேசினால், கருவியின் வரிசை எண், விலை, தவணைத் தேதி, ஒரு மாதம் தவறினால் என்ன ஆகும், பொருள் எப்போது உங்களுடையதாகும் என்பதையெல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தெரிந்தவர்தானே என்று விடுவதால்தான் உறவும் காசும் ஒன்றாகப் போகின்றன.

என் ஓட்டு, லேப்டாப்பில் இணைத்து மென்பொருளைக் கையால் இயக்கும் இரண்டு சேனல் கன்ட்ரோலருக்கு. பயனியர் டிஜேயின் டிடிஜே-400க்குப் பதிலாக வந்த டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4ஐப் பாருங்கள். நீங்கள் கடையில் விசாரித்து எழுதிய 1,500 சொச்சம் அதற்கு நியாயமான விலைதான். சவுண்ட் கார்டு உள்ளேயே இருப்பதால் கூட்டத்துக்குப் போகும் மாஸ்டர் தனி, உங்கள் காதுக்கு மட்டும் வரும் க்யூ தனி, இரண்டும் ஒயரில். இணைத்தால் ரெக்கார்ட்பாக்ஸ் மென்பொருள் சந்தா இல்லாமலேயே திறக்கும். செராட்டோ லைட்டும் ஓடும். பட்டன்களின் இடம் கிளப் கருவியை ஒட்டியே இருப்பதால் பிறகு சிடிஜேவுக்குப் போனால் கை தடுமாறாது. இதைவிடக் குறைவாகப் பார்த்தால் ஹெர்குலஸ் இன்பல்ஸ் 300 இருக்கிறது. எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று விளக்கு காட்டும், வேண்டாமென்றால் அணைத்தும் வைக்கலாம். வாங்கும் முன் உங்கள் லேப்டாப் அந்த மென்பொருளைத் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சத்தில் காதை மூடி உட்காரும், ஒயர் உள்ள ஹெட்ஃபோன் ஒன்று. சென்ஹைசர் ஹெச்டி 25 பல்லாண்டாக டிஜே மேசைகளில் கிடப்பது சும்மா இல்லை: லேசு, ஒரு பக்கத்தை ஒதுக்கலாம், கேபிள் கெட்டால் கேபிளை மட்டும் மாற்றலாம். அது அதிகம் என்றால் கேபிள் கழற்றக்கூடிய வேறெதுவும் சரி. புளூடூத் ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம்; காரணம் இப்போது உங்களுக்கே தெரியும். இவ்வளவுக்கும் பிறகு சேமிப்பில் கிட்டத்தட்ட பாதி மிஞ்சும். அதைத் தொடாதீர்கள்.

பிளேட் பற்றி நண்பர் சொன்னதற்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடுகிறேன். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 1972இல் வந்தது; அதில் பழகியவர்களின் காது அருமையானது. ஆனால் நீங்கள் போடப்போகும் தமிழ்ப் பாட்டு எதுவும் சுலபமாகப் பிளேட்டில் கிடைக்காது. ஆசை இருந்தால் பத்து வருடம் கழித்து வாங்குங்கள்.

3,800 ரிங்கிட் வகுப்பும் இப்போது வேண்டாம். நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் டிஜே வேலைக்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை, மலேசியாவில் அப்படி ஒரு தகுதிச் சட்டமும் இல்லை. "கிளப்பில் வாய்ப்பு" என்றால் எந்தக் கிளப், எத்தனை நிமிடம், காசு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வழவழ என்று வந்தால் தெரிந்துகொள்ளலாம். மூன்று மாதம் சொந்தமாகப் பழகிவிட்டு, எங்கே இடறுகிறது என்று தெரிந்த பிறகு, மணிக்கணக்கில் கற்றுத்தரும் ஒருவரிடம் இரண்டு மூன்று அமர்வு போங்கள்.

காதுக்குள் ஙொய்

நீங்கள் போகிற போக்கில் எழுதிய இந்த வரிதான் கடிதத்திலேயே என்னைக் கவலைப்படுத்தியது. கருவி கெட்டால் மாற்றலாம். உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. பயிற்சிக்குப் பிறகு இரவெல்லாம் ரீங்காரம் என்றால் காது தாங்கும் அளவைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். பழகிவிடும் என்று குழுவில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு ஒலி விதிமுறைகள் வேலையிடத்தில் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபலை எல்லையாக வைக்கின்றன. 3 டெசிபல் ஏறும் ஒவ்வொரு முறையும் பாதுகாப்பான நேரம் பாதியாகும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு: 88க்கு நான்கு மணி, 94க்கு ஒரு மணி, 100க்குக் கால் மணி. மூடிய அறையில் உறுமியும் தவிலும் சேர்ந்தால் 100ஐத் தொடுவது பெரிய விஷயமே இல்லை. அதோடு ஹெட்ஃபோனும் சேரப்போகிறது.

இசைக்காரர்களுக்கான காதடைப்பான் கிடைக்கிறது. பஞ்சு போல் எல்லாவற்றையும் அமுக்காமல் மொத்த அளவை மட்டும் சீராகக் குறைக்கும். மேளத்துக்கும் அதைப் போடுங்கள். ஹெட்ஃபோனை மானிட்டரின் அளவுக்கே வையுங்கள். மானிட்டர் கேட்கவில்லை என்று ஹெட்ஃபோனை ஏற்றுவதுதான் எல்லோரும் செய்வது. பக்கத்து அரசு கிளினிக் கெசிஹாத்தானில் காட்டி, காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் வாங்கி, ஒரு முறை கேட்புச் சோதனை எடுத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலர் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். ரீங்காரம் ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ ஒரு காது திடீரென்று மந்தமானாலோ முறை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றே போக வேண்டும்.

அம்மாவும் டிசம்பரும்

அம்மா எதிர்ப்பது இசையை அல்ல என்று நினைக்கிறேன். பையன் இரவில் எங்கே இருப்பான், யாரோடு இருப்பான், வேலையை விட்டுவிடுவானோ என்பதுதான் அவர் பயம். நம்மவர்களுக்கு டிஜே வேலை பெரும்பாலும் கல்யாண விருந்திலும் பிறந்தநாளிலும் கம்பெனி டின்னரிலும் தீபாவளி விருந்திலும்தான் கிடைக்கிறது. அதை வாயால் விளக்குவதைவிட ஒரு நிகழ்ச்சிக்கு அவரைக் கூட்டிப் போய் உட்கார வையுங்கள். கடன் வாங்கவில்லை, வேலையை விடவில்லை என்ற இரண்டையும் முதலில் சொல்லுங்கள். அந்த 450 ரிங்கிட் தவணையை மறைத்து வாங்கியிருந்தால் இந்தப் பேச்சையே தொடங்கியிருக்க முடியாது.

கல்யாணத்தில் முழு இரவையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மணமக்கள் மார்ச்-இன், கேக் வெட்டும் நேரம், எம்சி கை காட்டியதும் பாட்டை நிறுத்துவது, இதெல்லாம் மிக்ஸிங் அல்ல. வேறு வேலை, தவறினால் ஆயுள் முழுதும் பேசுவார்கள். அனுபவமுள்ள ஒருவரை வைக்கச் சொல்லிவிட்டு, விருந்தினர் வந்து உட்காரும் முதல் அரை மணியையும், சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டம் சூடு பிடித்தபின் ஒரு பகுதியையும் கேட்டு வாங்குங்கள். மற்ற நேரம் அவர் பக்கத்தில் நில்லுங்கள். பாட்டுக் கோப்புகளைக் காசு கொடுத்து வாங்குங்கள். யூடியூபிலிருந்து இறக்கியது பெரிய ஸ்பீக்கரில் தகரமாகக் கேட்கும், சட்டப்படியும் தப்பு. பாடலை இயற்றியவர்களுக்காக எம்ஏசிபி (MACP) அமைப்பும், ஒலிப்பதிவு உரிமைக்காக பிபிஎம் (PPM) அமைப்பும் உரிமம் தருகின்றன. மண்டபம் எடுத்திருக்கிறதா என்று ஏற்பாட்டாளர் கேட்டுக்கொள்ளட்டும். அதை உங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அந்த அண்ணனிடம் செட் வேண்டாம் என்று சொல்லும்போது இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: விற்கும்வரை வாரம் ஒரு மாலை அவர் வீட்டில் வந்து பழகலாமா என்று. பல பேர் சந்தோஷமாகச் சரி என்பார்கள். அத்தையிடம் இந்த வாரமே மண்டபத்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். அங்கே போன் செய்து, டிஜே மேசைக்கு மானிட்டர் உண்டா, மேசையிலிருந்து அவர்கள் மிக்சர் எத்தனை மீட்டர் என்று விசாரியுங்கள். எஃப்எல்எக்ஸ்4இல் ஆர்சிஏ அவுட்புட்தான் இருக்கிறது. தூரம் அதிகமென்றால் நீளமான கேபிளுக்கு ஏற்றபடி ஒலியை மாற்றித் தரும் டிஐ பெட்டி ஒன்று நடுவே வேண்டும், இல்லாவிட்டால் இரைச்சல் வரும். போனிலும் ஒரு பாட்டுப் பட்டியலை இறக்கி வைத்து, அதற்கான ஒயரையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். லேப்டாப் நின்றுபோனால் ஒரு நிமிடத்துக்குள் பாட்டு வந்துவிட வேண்டும்.